ஜெறோமின் ஒரு வரி

போன செவ்வாய்க்கிழமை காலை பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. குருநகரிலிருந்து ரீற்றா.

“அண்ணை, இவருக்கு நீங்கள் ஈமெயில் போட்டிருக்கிறியள். இங்கிலீசிலை கிடக்கு. என்ன விஷயம்?”

வாயிலிருந்த நுரையைத் துப்பினேன். இவர் என்றால் அவளுடைய கணவன் ஜெறோம். என் நண்பன். இறந்து ஒன்றரை வருஷம்.

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். பல கம்ப்யூட்டர்கள் ஒரே கோப்புகளைப் பாவிக்கும்போது, ஒன்று எழுதுவதை மற்றது கெடுத்துவிடாமல் பூட்டுப் போடுவோம். பூட்டைக் கேட்கும்போதே கொடி என்று ஒரு சின்னக் குறிப்பும் சேர்க்கவேண்டும் — ‘கிடைக்கும்வரை காத்திரு’, அல்லது ‘கிடைக்காவிட்டால் திரும்பி வா’. உலகமே பாவிக்கிற ஒரு சிஸ்டத்தின் அடிமட்டத்தில், கேர்னலில், அப்படி ஒரு வரி ஜெறோம் எழுதியது. அது ஏற்கப்பட்ட அன்று எங்கள் அலுவலகம் முழுவதற்கும் சாப்பிட றோல்ஸ் வாங்கித் தந்தான்.

அதில் ‘காத்திரு’ என்று போட்டிருந்தான். ‘திரும்பி வா’ என்றிருக்கவேண்டும். இரண்டு சேர்வர்கள் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்து அப்படியே உறைந்துவிடும். எங்கள் சுன்னாகம் அலுவலகத்தில் இரண்டு தரம் உறைந்தது. தேடிப் போனால்... அவன் பெயர்.

பேசாமல் விட்டுவிடலாமா? மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். பிறகு திருத்தி, யாருடைய பிழை என்று வழக்கப்படி பெயரும் எழுதி, அந்த சிஸ்டத்தைக் கவனிக்கிற பொறுப்பாளருக்கு அனுப்பினேன். முதலில் எழுதியவருக்கும் ஒரு பிரதி தானாகவே போகும் என்பதை மறந்துபோனேன். அவன் மெயில் ரீற்றாவின் போனில் திறக்கும் என்று யார் கண்டது?

“அவர் எழுதின வரியைப் பற்றித்தான், தங்கச்சி.”

“அது இப்பவும் ஓடுதெல்லோ? மகளிட்டை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“ஓம்... ஓடுது.”

அந்த நிமிஷத்தில் அது பொய்யில்லை.

“அப்ப நான் ‘நன்றி’ எண்டு ஒரு பதில் போட்டுவிடுறன்.”

நான் தடுக்கவில்லை. போட்டுவிட்டாள் — அவன் முகவரியிலிருந்து, எல்லாருக்கும்.

மறுநாள், எந்த நாட்டிலோ இருக்கிற அந்தப் பொறுப்பாளர் எல்லாருக்கும் எழுதினார்: ‘முதலில் எழுதியவருக்கே சம்மதம். திருத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறேன்.’

அவ்வளவுதான். நண்பன் எழுதியதை அழித்தேன். பிழைக்கு மட்டும் அவன் பெயரை நிலைக்க வைத்தேன். செய்தது சரிதான் என்று தெரிகிறது. ஆனாலும் ரீற்றாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ரீற்றா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

“அண்ணை, இவருக்குப் பதில் வந்திருக்கு! என்னவாம்?”

நீங்களே சொல்லுங்கள்... என்னவென்று சொல்ல?