கலைச்செல்வன் பதினோரு வருடமாக விழுந்துகொண்டிருந்த கதை

மானாம்பதி கலைச்செல்வனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது சுலபம். பதினோரு வருடம், ஒரு பைக், ஒரே ஒரு முத்துகிருஷ்ணன்.

முத்துகிருஷ்ணன் கட்சியின் ஒன்றியச் செயலாளர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்வதில்லை; 'ஒன்றியம்' என்றாலே போதும். கலைச்செல்வனுக்கு வேண்டியது கிளைச் செயலாளர் பதவி. அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்? ஒரு லெட்டர் பேடு, போஸ்டரின் மூலையில் ஸ்டாம்பு அளவுக்குத் தன் முகம், அவ்வளவுதான். அதற்காகத் தினமும் காலையில் ஒன்றியத்தின் வீட்டை நோக்கிப் பாய்வார். "அண்ணே, அந்த..." என்று ஆரம்பிப்பதற்குள் உத்தரவு வந்துவிடும்.

"கலை, சாலவாக்கம் போயி பந்தல்காரனப் பாத்துக்கினு வந்துடு."

பறப்பார். திரும்பி வந்து "அண்ணே" என்றால், "உத்திரமேரூர்ல ஃபிளக்ஸ் ரெடியான்னு பாரு." மறுபடியும் பறப்பார். கிட்ட நெருங்கியதும் இல்லை, எட்டிப் போனதும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி ஜெயப்பிரியா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

"நெலா ஏன் கீழ வுழலன்னு கேட்டா, 'பூமி அத இழுக்கறது இல்ல'ன்னு ஒண்ணு எழுதிக்கீது!" என்று சிரித்தார்.

"கரெக்டுதான? இழுத்தா வுழுந்துடுமே."

"இழுக்குது. நெலாவும் வுழுந்துக்கினேதான் கீது."

"எங்கமே வுழுவுது? நானுந்தான் பாக்கறேன், மேலதான கீது?"

"பக்கவாட்டுல வேகமா ஓடிக்கினே வுழுவுதுங்க. அது கீழ எறங்க எறங்க, பூமியும் உருண்டையா வளைஞ்சிக்கினே போவுது. அதனால தரையத் தொடறதே இல்ல, சுத்திக்கினே கீது. இழுப்பு இல்லன்னா நேரா எங்கியாச்சும் போயிடும். ஓட்டம் இல்லன்னா நம்ம தலையில வந்து வுழும்."

பேனாவை மூடிவிட்டுக் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கதையும் அதான். இன்னா, நெலாவுக்கு பெட்ரோல் செலவு இல்ல."

கலைச்செல்வன் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார். கிளைச் செயலாளர்கள் பட்டியல் வெள்ளிக்கிழமை மாவட்டத்துக்குப் போகிறது. அதில் பேர் வராவிட்டால் இன்னும் ஐந்து வருடம். இழுப்பில் குறை சொல்ல முடியாது. ஓட்டம்தான் காரியத்தைக் கெடுக்கிறது. ஆகவே, புதன்கிழமை ஓட்டத்தை நிறுத்தினார். பைக் வீட்டிலேயே நின்றது.

மத்தியானத்துக்குள் பதினான்கு மிஸ்டு கால். கலைச்செல்வனுக்குக் கால் பரபரத்தது.

"போயிடட்டுமா ஜெயா? அதே போஸ்டுக்கு அலையற மோகன் வேற அண்ணன் வூட்டாண்டயே குந்திக்கினு கீறானாம். அவன் பேரப் போட்டுட்டா?"

"சும்மா இருங்க. பூமி மட்டுமா இழுக்குது? நெலாவுந்தான் பூமிய இழுக்குது. பெரிய உருப்படி, அசையறது கண்ணுக்குத் தெரியாது."

வியாழக்கிழமை கலைச்செல்வனுக்குச் சோறு இறங்கவில்லை. அறிவியல் பொய் என்று இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. பெரிய உருப்படி வேர்த்து விறுவிறுக்க இறங்கியது, கையில் ஒரு ஃபைலோடு.

"டேய் கலை, இன்னாடா பேஜார் பண்ற? அந்த மோகனுக்குப் பந்தல்காரன் வூடு தெரியல, ஃபிளக்ஸ் கட தெரியல. எனக்கே தெரியலடா!"

கலைச்செல்வன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஓடிவிடுவோம் என்று அவருக்கே பயம். "அண்ணே, எனக்குக் கிளைச் செயலாளர் போஸ்டு வேணும்" என்றார். பதினோரு வருடத்தில் அவர் ஒன்றியத்திடம் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது.

முத்துகிருஷ்ணன் திகைத்தார். "இத ஏன்டா இவ்ளோ நாளா வாயத் தொறந்து கேக்கல?"

ஃபைலைத் திறந்து, மோகன் பேரை அடித்துவிட்டு, மேலே கலைச்செல்வன் என்று எழுதினார்.

"சரி செயலாளரே, வண்டிய எடு. இத காஞ்சிபுரம் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துடு."

கலைச்செல்வன் எழுந்தார். பட்டியலை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கை உதைத்து, பின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"நீங்களும் ஏறுங்கண்ணே."