அலுமாரிக்குள் ஒரு கலியாணப் பாட்டு

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில். ஓட்டோச் சத்தமும் கப்பல் ஊதுவதும் ஓயாது. அதனால் உடுப்பு அலுமாரிக்குள் நின்றுதான் பாட்டுப் பதிவு செய்வேன். மடிக்கணினி வெளியே மேசையில், மைக் மட்டும் என்னோடு உள்ளே.

இன்று பின்னேரத்துக்குள் மச்சானின் கலியாண வீடியோவுக்குப் பாட்டு அனுப்பவேண்டும். பாடி முடித்துக் கதவைத் தள்ளினேன். மைக் வயர் இடுக்கில் சிக்கி, கதவு அசையவில்லை.

"இஞ்சரும், கதவைத் திறவும்! மூச்சு முட்டுது!"

என்று மனைவியைக் கூப்பிட்டேன். பதிவு நடக்கும்போது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்பது நானே போட்ட சட்டம்.

அரை மணித்தியாலம் கழித்து, "தேத்தண்ணி ஆறுது" என்று மனைவி வந்து இழுத்துத் திறந்தாள்.

வேர்த்து ஒழுகப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மென்பொருள் என் மைக்கை விட்டுவிட்டு, மடிக்கணினியின் மைக்கை எடுத்திருக்கிறது. என் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல. மனைவி தங்கச்சியுடன் போனில் கதைத்ததுதான் தெளிவு.

"ஓம், கதவு இறுகிட்டுது போல, கத்துறார். பாட்டைவிட இது பரவாயில்லை. கொஞ்சம் கிடக்கட்டும்."

மைக்கை மாற்றிவிட்டேன். திரும்பவும் அலுமாரிக்குள் போகிறேன்.

ஒரு மணித்தியாலத்தில் இந்தப் போஸ்டுக்குக் கீழே நான் பதில் போடாவிட்டால், யாராவது வந்து திறந்துவிடுங்கள்.