டாக்டரிடம் நான் சொன்ன எண்ணெய்

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து தெரியும் என்பதால், நான் சொல்லச் சொல்ல மூத்தவனின் மகள் எழுதுகிறாள்.

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் எங்களுக்குப் பஜ்ஜிக் கடை இருந்தது. எங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயை அப்படியே விற்றுவிடுவோம். கடை வாணலியில் ஊற்றியது டால்டாவும் பாமாயிலும்தான். சாயங்காலம் அடியில் நிற்கும் கறுத்த எண்ணெயை வடிகட்டித் தூக்குவாளியில் வீட்டுக்கு எடுத்து வருவேன். மறுநாள் குழம்பும் பொரியலும் அதில்தான். கொட்ட மனசு வராது. பக்கத்துக் கடைக்காரிகளும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஒருத்தியும் அதை வெளியே சொன்னதில்லை.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து திண்டிவனத்தில் சேர்த்தபோது, டாக்டரம்மா வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டார். பக்கத்தில் என் நாத்தனாரும் மூத்தவனும் நின்றார்கள். நான் நிமிர்ந்து சொன்னேன்.

"சொந்த நெலத்து மல்லாட்டைங்க. செக்குல ஆட்டுனது. வேற எண்ணெ வூட்டுக்குள்ள நுழையாதுங்க."

அது பரவாயில்லை, அளவைக் குறைத்தால் போதும் என்றார். டால்டாவும், காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும்தான் இரத்தக் குழாயை அடைக்கும் என்றார். கட்டிலில் இருந்தவர் என்னையே பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்.

"நம்ம வூட்டுக்குள்ள செக்கெண்ணெ எப்பம்மே நுழைஞ்சுது, எனக்கே தெரியாம?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தப் போகத்து எண்ணெயை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மல்லாட்டை பிடுங்குவதற்குள் அவர் போய்விட்டார். அவருக்குப் பீடியும் உண்டு. எது கொண்டுபோனது என்று யார் சொல்ல முடியும்? சாவுக்கு வந்தவர்கள், செக்கெண்ணெயே தின்ற மனுசனுக்கா இப்படி என்று அழுதார்கள். நாத்தனார் சொல்லி ஊரெல்லாம் பரவியிருந்தது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்போது விழுப்புரத்தில் மூத்தவனோடு இருக்கிறேன். போன மாசம் அவனுக்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருமகள் எண்ணெயை மாற்றிச் சமைக்கிறாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கடைப் பூரியும் போண்டாவும் வாங்கித் தின்கிறான். அவள் கேட்டால் இதுதான் பதில்.

"எங்கப்பா ஆயுசுக்கும் செக்கெண்ணெதான் துன்னாரு. அம்பத்தெட்டுல பூட்டாரு. எண்ணெயில என்னம்மே இருக்குது?"

நீங்களாவது சொல்லுங்கள் அத்தை என்று மருமகள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். என்ன சொல்வது? சொன்னால் அவனுக்கு நான் அப்பனைத் தின்றவள். சொல்லாவிட்டால் என் வாயில் வந்த பொய்யைப் பிடித்துக்கொண்டு அவனும் அதே வழியில் போவான். அவன் முகத்துக்கு நேரே சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் சோறு போதுமா என்று கேட்டு முடித்தேன். அதனால்தான் எழுத்தில் வைத்தேன்.

தூக்குவாளி என்று நான் சொன்னபோது பேத்தியின் பேனா நின்றது. எழுதுடி என்றேன். எழுதினாள்.

"இப்ப ஒரு தபா படிச்சிக் காட்டு கண்ணு. இங்க வேணாம். உங்கப்பன் கூடத்துல உக்காந்துக்கினு இருக்கான், அங்க வா. நானும் வர்றேன்."