புற்றில் வைத்த முட்டை

எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு புற்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றி, ஒரு முட்டை வைத்துக் கும்பிடுவேன். மறுநாள் முட்டை இருக்காது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று மனசு நிறையும்.

புற்றுக்குப் பக்கத்துச் சுவரோரம்தான் பட்டாசுக் கம்பெனிக்கு நான் சுற்றிக் கொடுக்கும் காகிதக் குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பேன். மைதாப் பசைச் சட்டியும் அங்கேயே கிடக்கும்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். குளியலறை கொல்லையில். ஒருநாள் காலையில் போனவள் அலறிக்கொண்டு வந்தாள்.

"எம்மா, குழாய்க் கட்டுக்குள்ள பாம்பு போகுது!"

"அது நம்ம காவல் தாயி, ஒண்ணும் செய்யாது" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க போயிக் குளிங்க. நா எங்க மாமியார் வீட்டுக்கே போறேன்."

பின்கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வந்தவர் நீளக் கொக்கியால் கட்டுகளை விலக்கினார். நல்ல பாம்பு. பைக்குள் விட்டுக் கட்டியபிறகு, ஓரம் கடித்த குழாய்களைக் காட்டினார்.

"பசை வாசத்துக்கு எலி வருது. எலியத் தேடி இது வருது. எல்லாத்தையும் ஒதுங்க வையிங்கக்கா."

"அப்ப புத்துல வைக்கிற பாலு, முட்டையெல்லாம் யாரு திங்கிறா?"

"எனக்கென்ன தெரியும்? பாம்பு பால் குடிக்காது, அது மட்டும் தெரியும்."

அன்றே குழாய்க் கட்டுகளை முன்னறை பெஞ்சில் ஏற்றினோம். பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முட்டை வைத்துவிட்டு அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்தேன். விளக்கேற்றும் நேரம். பூனை அளவு பெருச்சாளி ஒன்று வந்து, மூக்கால் முட்டையை உருட்டிக்கொண்டு சாக்கடை ஓட்டைக்குப் போனது.

"இம்புட்டு வருசமும் இதுக்கா படையல் போட்டே?" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சாக்கடை ஓட்டைக்குக் கம்பிவலை அடித்தோம். இப்போது புற்றுக்கு எட்ட நின்றே மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிடுகிறேன். மகள் செருப்புப் போட்டு, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு குளிக்கப் போகிறாள். மாமியார் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

புற்றுக்கென்று வாங்கும் முட்டையை, வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாதென்று, சனிக்கிழமை அவித்து அவளுக்குக் கொடுக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி சாப்பிட்டால் அம்மன் கோபிக்கவா போகிறாள்?