சந்தனம்மாள் தூற்றிய மண்

அழுவதற்கென்றே ஒருத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். எம்.ரெட்டியபட்டி சத்துணவு ஆயா சந்தனம்மாளை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், விருதுநகர் மாவட்டத்துக்குக் காமராசர் பேர் இருந்த காலம். இளைஞர்களைப் போதையிலிருந்து காப்பாற்றுவதென்று மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் கிளம்பி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வீதி நாடகம் போட்டது. கஞ்சாவில் ஆரம்பித்து பிரவுன் சுகரில் விழுந்து சாகிற பையன், அவனைப் பெற்ற தாய், இதுதான் கதை. தாய் வேஷத்துக்கு முதலில் ஒரு டவுன் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றியதும் கூட்டம் சிரித்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கைக்குட்டையா தேடுவாள்?

நாடகக் குழுவுக்குத் தலைவன் ஜாபேஸ். அருப்புக்கோட்டைப் பையன், படித்தவன், நல்லவன். அறிவொளி வகுப்பில் சந்தனம்மாளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அவன் வந்து கேட்டபோது அவளுக்கு அழுகைக்குப் பஞ்சமில்லை. புருஷன் இருளாண்டி கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி முந்திக்கொண்டு வெடித்ததில் போய்ச் சேர்ந்தவர். கைப்பிள்ளையோடு நின்றவள் கருவேலம் வெட்டினாள், கரிமூட்டம் போட்டாள், அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தாள், கடைசியில் சத்துணவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். அத்தனை வருஷமும் அழ நேரமில்லாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நாடகத்தில் இறக்கிவிட்டாள்.

நாடகத்தில் ஜாபேஸ் எழுதாத ஒரு காரியத்தையும் அவள் செய்தாள். பையன் செத்துக் கிடக்கும்போது, குனிந்து தரையிலிருந்து மண்ணை வாரி, தலைக்கு மேல் தூக்கி, “எம்புள்ளைக்கு இதை மொதமொதக் கையில குடுத்தவன் வெளங்காமப் போக” என்று மூன்று தரம் தூற்றினாள். பெற்றவள் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றினால் அது பலிக்காமல் போகாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கூட்டத்திலிருந்த பெண்களும் எழுந்து ஆளுக்கொரு பிடி அள்ளித் தூற்றினார்கள். மூட நம்பிக்கை, வேண்டாம் என்று ஜாபேஸ் முதலில் மறித்துப் பார்த்தான். பிறகு அதுதான் நாடகத்துக்கே உயிர் என்று தெரிந்ததும் பேசாமல் விட்டுவிட்டான்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். வீட்டில் குத்துக்கல்லாட்டம் ஒரு மகனை வைத்துக்கொண்டு, மகன் செத்தான் என்று தினம் ஒரு ஊரில் ஒப்பாரி வைப்பது நல்லதுக்கா என்று பக்கத்து வீட்டுப் பேச்சி வேறு கேட்டுத் தொலைத்தாள். அதனால் மண்ணை அள்ளும்போதெல்லாம், ‘எம்மகன் நீங்கலா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் துண்ணூறு பூசிக்கொள்வாள்.

மகன் மாரிச்செல்வம் லாரி டிரைவர். அருப்புக்கோட்டையில் நூல் லோடு ஏற்றி பம்பாய்ப் பக்கம் கொண்டுபோய் இறக்குகிற வண்டி. பீடி இல்லை, சாராயம் இல்லை, பாக்குக்கூடப் போட மாட்டான். இரண்டு ராத்திரி கண்ணசராமல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவான் என்று முதலாளி ஷெட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு உட்காரத் தெரியாது. கூரை ஓட்டை மாற்றுவான், அடுப்படியைக் கழுவிவிடுவான், சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவான், வாய் ஓயாமல் பேசுவான். சோற்றை மட்டும் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவான். பிறகு படுத்தானென்றால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். உழைத்த உடம்பு, அசந்து தூங்குகிறது என்று சந்தனம்மாள் ஃபேன் போட்டுவிட்டு வாசலில் காவல் இருப்பாள். மல்லாங்கிணறு பூமிநாதன் தன் மகள் துர்காதேவியைக் கொடுக்க முன்வந்ததே பையனுடைய இந்தச் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான். தை மாசம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் பாளையம்பட்டியில் நாடகம் நடந்தது. நாடகம் முடிந்ததும் ஜாபேஸ் வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்து, போதைக்குப் போன பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். கூட்டமும் சொன்னது. தூங்கி விழுவான், வேலைக்குப் போக மாட்டான், அழுக்காகத் திரிவான், வீட்டில் திருடுவான். மெட்ராஸிலிருந்து அச்சடித்து வந்த படத்திலும் எலும்பும் தோலுமாக ஒருத்தன் சாக்கடை ஓரத்தில் கிடந்தான். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“எம்மகன் தூங்கவே மாட்டேங்கான் சார். பல்லை நறநறன்னு கடிக்கான். சோறு எறங்கல. ரோட்டுல இல்லாத மாட்டை இருக்குங்கான். அதுக்கு என்ன பேரு?”

ஜாபேஸ் கொஞ்சம் யோசித்தான். வேலைக்குப் போகிறானா என்று கேட்டான். நூல் லோடு லாரியில் கிளீனர், நன்றாகப் போகிறான் என்றாள். அப்படியென்றால் இது போதை இல்லையம்மா, உடம்பு அலுப்பாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்றான். தூங்காத பிள்ளையைப் பெற்றவள் புண்ணியவதி என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சந்தனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாட்டைத் தவிர, அந்தப் பெண் சொன்ன ஒவ்வொன்றும் அவள் வீட்டில் நடக்கிற சங்கதி. பல் கடிக்கிற சத்தம்கூட.

ஜீப்பில் சாமான் ஏற்றும்வரைக்கும் பொறுக்க முடியாமல் அவளைத் தேடிப்பிடித்தாள். பேர் கருத்தம்மாள் என்றாள். மகன் பத்தொன்பது வயசுப் பையன். ஏதோ வெள்ளை மாத்திரையாம், அதைப் போட்டால் தூக்கம் அண்டாதாம். டிரைவர் தூங்காமலிருக்கக் கிளீனரும் முழித்திருக்க வேண்டுமல்லவா, அதற்காக டிரைவர் அண்ணன்தான் முதலில் கொடுத்தாராம். இப்போது அந்தப் பையனே கடையில் வாங்கிப் போடுகிறானாம். அந்த டிரைவருக்கு எந்த ஊர் என்று சந்தனம்மாள் கேட்டாள்.

“ரெட்டியபட்டியாம்க்கா. பேரு தெரியல. இன்னிக்கு நீங்க மண்ணள்ளுனப்ப, அந்தப் பாவியை நெனைச்சுத்தான் நானும் தூத்துனேன்.”

சந்தனம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்தாள். நூல் லோடு ஓட்டுகிற ரெட்டியபட்டிக்காரன் ஒரே ஒருத்தன்தான். இத்தனை ஊரில் இத்தனை பெண்களையும் கூட்டிவைத்து, சொந்த மகன் தலையிலேயே மண்ணள்ளிப் போட்டிருக்கிறாள். ‘எம்மகன் நீங்கலா’ என்று இவள் சொன்னாள், சரி. கருத்தம்மாள் சொல்லியிருப்பாளா?

அன்றைக்கு மகன் லோடோடு போயிருந்தான். அவன் திரும்பி வரும்வரை அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சத்துணவுச் சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது. ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பால்காரன் சைக்கிளை நிறுத்தி மணியடித்தால், ஏதோ சேதி சொல்லத்தான் ஆள் வந்துவிட்டது என்று எழுந்து நின்றாள். மாட்டைப் பார்த்தேன் என்று அவன் ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கருத்தம்மாள் மகனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்று நினைத்து நினைத்து வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்தாள்.

வந்தவனிடம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். அவன் மறைக்கவில்லை, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மருந்துக்கடையில் விற்கிற மாத்திரைதானே, கள்ளச்சாராயமா என்றான். ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் போடுவதுதான் என்றான். அவள் விடாமல் கேட்கவும் அவனுக்குக் கோபம் வந்தது.

“நீதான ஊரு ஊராப் போயிச் சொல்ற. ஒங்க நாடகத்துல இந்த மாத்திரை எங்கம்மா இருக்கு?”

விட்டுவிடேன் என்றாள். விட்டால் ஸ்டியரிங்கில் கை நிற்காது, சொன்ன நாளில் லோடு போகாவிட்டால் வண்டிக்கு வேறு டிரைவர் ஏறிவிடுவான், தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதென்ன பேச்சு என்றான். சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்தான்.

ஜாபேஸிடம் போனாள். மாத்திரையையும் நாடகத்தில் சேர்க்கணும் தம்பி என்றாள். யார் போடுகிறார்கள், எங்கே பார்த்தீர்கள் என்று அவன் அக்கறையாகத்தான் கேட்டான். அதற்குமேல் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் மகன் பேர் வரும், வேலை போகும், சம்பந்தம் போகும். கேள்விப்பட்டேன் என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டாள். மதுரைக்கு எழுதிக் கேட்கிறேன் என்று அவனும் சொன்னான்.

அடுத்த வாரம் எம்.ரெட்டியபட்டியிலேயே நாடகம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது. சம்பந்தியம்மா நடிப்பைப் பார்க்கவென்று மல்லாங்கிணற்றிலிருந்து பூமிநாதன் குடும்பத்தோடு பஸ்ஸேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான். மறுநாள் அவனுக்கு லோடு.

பையன் செத்து விழுந்தான். சந்தனம்மாள் வந்தாள், குனிந்தாள், மண்ணை அள்ளினாள். பெண்கள் எல்லோரும் கூடவே குனிந்துவிட்டார்கள். பேச்சியின் கையிலும் மண், துர்காதேவியின் தாய் கையிலும் மண். சந்தனம்மாளுக்குக் கை மேலே எழும்பவில்லை. விரலைத் திறந்து மண்ணைக் கீழே விட்டாள்.

“யாரும் தூத்தாதீக. மொதமொதக் குடுத்தவன் யாருன்னு இத்தனை ஊருல கேட்டேன். அவன் எம்மகன்தான். அவனும் போடுறான். தூங்காம ஓட்டுறதுக்குப் போடுறான். அவன் தலையில மண்ணள்ளிப் போட்டுராதீக.”

அந்த ஊரில் யாரும் அப்படியொரு அழுகை அதுவரை அழுததில்லை. தூற்ற அள்ளிய மண்ணைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். தப்பு மேளம் அடிக்கிறவன்கூட நிறுத்திவிட்டான். முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. ஜாபேஸ் ஓடிவந்து, ரொம்ப நல்லா இருந்தது அக்கா, இதையே இனி எல்லா ஊரிலும் செய்வோம் என்றான். பூமிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, நடிப்புன்னா இதுதான் தாயி என்றார்.

இவர்கள் எல்லோருமே நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். சந்தனம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பியைப் போட்டுக் கொடுத்தால் தையில் கல்யாணம், நாளைக்கு லோடு, எல்லாம் இருந்தபடி இருக்கும். அந்த லோடை நினைத்ததும்தான் அவள் பூமிநாதன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நான் நடிக்கல” என்றாள்.

பூமிநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மரத்தடியைப் பார்த்தார். மாப்பிள்ளை என்று கூப்பிடாமல், அம்மா சொல்லுறது நெசமா தம்பி என்று கேட்டார். மாரிச்செல்வம் சிரித்து மழுப்பியிருக்கலாம். அம்மாவுக்கு நாடகம் போட்டுப் போட்டுப் புத்தி பிசகிவிட்டது என்றிருந்தால் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தாடை அசைந்துகொண்டே இருந்தது.

“நெசந்தான் மாமா. நாளைக்கு நான் வண்டி எடுக்கல” என்றான்.

மல்லாங்கிணற்றுக்காரர்கள் காப்பி குடிக்காமலே பஸ்ஸேறிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. வண்டிக்கு வேறு டிரைவர் ஏறினான். ஊருக்குள் இன்றைக்கும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் மகன் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று அவளைச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் லாரியில் போய்ப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறார்கள்.

மாரிச்செல்வம் அன்றைக்குப் படுத்தவன் இரண்டு நாள் எழவில்லை. எழுந்தபிறகும் நாலைந்து நாள் யார் பேசினாலும் எரிந்து விழுந்தான், ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். கால் தரையில் நின்ற அன்றைக்கு அம்மா அவனைப் பாளையம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் வரமாட்டேன் என்றுதான் சொன்னான். மண் தூற்றியவளிடம் நீயே போய் நின்றால்தான் எனக்கு உறக்கம் வரும் என்றாள்.

கருத்தம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். இவன்தான் அந்த டிரைவர், எம்மகன், என்று சந்தனம்மாள் சொன்னபோது கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உள்ளே அவள் மகன் பாத்திரங்களை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

“நிறுத்துனா என்னய்யா செய்யும்? அதை எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக.”

மாரிச்செல்வம் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். ரெண்டு நாளைக்குச் செத்த மாதிரித் தூங்குவான், பயந்துராதீக என்று ஆரம்பித்தான். முழித்ததும் பசி எடுக்கும், சோறு ஆக்கி வையுங்கள் என்றான். அப்புறம் மனசு விட்டுப்போகும், எதுக்கு இருக்கோம்னு தோணும், அப்ப மட்டும் அவனைத் தனியா விட்ராதீக அத்தை, எங்கம்மா என் பக்கத்துலயேதான் இருந்தாக என்றான். கருத்தம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டாள். எல்லாம் கேட்டு முடித்தபிறகு வாசல்படியிலிருந்து திரும்பி, வீட்டுக்குள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டாள்.