வில்லாபுரத்து பிளக்ஸ்காரர்

வில்லாபுரத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு பழக்கம். யார் படத்தைக் கொடுத்தாலும் கேட்காமலே முடியைக் கறுப்பாக்கிவிடுவார். வழுக்கை என்றால் முடியே வைத்துவிடுவார். அவர் தலை மட்டும் நரைத்துக் கிடக்கும்.

பேர்பெற்ற கவிஞர் ஒருவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிவிட்டு மதுரை வந்து இறங்கவிருந்தார். விமான நிலையத்துக்கு வெளியே கட்ட எங்கள் இலக்கிய வட்டம் ஒரு வரவேற்பு பிளக்ஸ் சொன்னது. வட்டத்தில் எல்லோரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். ஒருவர் படத்தை விட்டாலும் வட்டம் உடைந்துவிடும். எல்லோரையும் அடுக்கி முடித்தபோது கவிஞருக்கு இடமில்லை.

"கவிஞர் படம் இல்லாம எப்படிங்க?" என்றேன்.

"அவருதான் நேர்லயே வாராருல்லண்ணே. படம் எதுக்கு?" என்றார் பிளக்ஸ்காரர்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கவிஞர் வந்தார். மாலை போட்டோம். அவர் பிளக்ஸை நிமிர்ந்து பார்த்தார். கன்னங்கரேலென்ற முடியோடு கைகூப்பி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நரையும் வழுக்கையுமாக நின்ற எங்களிடம் திரும்பினார்.

"படத்துல இருக்கிற தம்பிங்க யாரும் வரலையா?"

ஏணியில் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த பிளக்ஸ்காரர்தான் பதில் சொன்னார்.

"வந்துக்கிட்டே இருக்காங்கய்யா."

அன்றைக்கு அவர் எங்கள் மானத்தைக் காப்பாற்றினாரா, வாங்கினாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் என் வாட்ஸ்அப்பில் அவர் செய்து கொடுத்த முகத்தைத்தான் வைத்திருக்கிறேன்.