வால்வு திறக்கவில்லை

ஸ்தனிஸ்லாஸுக்குப் பொய் சொல்ல வராது. பொம்மிடிப் பக்கம் இருபத்தெட்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இது பெரிய குறைதான். "பத்து நிமிஷத்துல வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி கழித்து வருவதுதான் அந்தத் தொழிலின் இலக்கணம். இவனோ, "இன்னும் குளிக்கலைங்க, நாப்பது நிமிஷம் ஆவும்" என்பான். சவாரி வேறு வண்டிக்குப் போய்விடும். "பொழைக்கத் தெரியாத மனுசன்" என்று மனைவி புஷ்பமேரி திட்டுவாள். திட்டிக்கொண்டே அவனுக்கு டீயும், அவன் வண்டிக்குத் தண்ணீரும் கொடுத்து அனுப்புவாள்.

வண்டிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாக எடுத்துக்கொண்ட வேலை. காலையில் அவன் குளிக்கப் போனதும் பானட்டைத் தூக்குவாள். ரேடியேட்டர் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் வீட்டு ஆழ்துளைப் போரின் உப்புத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவாள். மூடிவிட்டு, கட்டைவிரலால் பானட் மேல் ஒரு சிலுவை போடுவாள்.

"என்னைவிட அதுமேலதான் உனக்குப் பாசம்" என்று அவன் சீண்டினால், "பின்ன? அதுதானே சோறு போடுது" என்பாள். இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டியவனுக்கு, உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தெரியாதா? தெரியும். ஆனால் அவள் அந்தச் சிலுவை போடுவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதனால் விட்டுவிட்டான்.

ஒரே மகள் ஜெனிஷா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை ரத்தம் போக ஆரம்பித்தது. "நூத்தியெட்டுக்கு அடிங்கண்ணா" என்றாள் பக்கத்து வீட்டு ஆக்சிலியா. "நம்ம வண்டி வாசல்ல நிக்கறப்ப அதுக்கு எதுக்கும்மா காத்துக் கெடக்கணும்?" என்றது ஸ்தனிஸ்லாஸ்தான். தர்மபுரிக்குப் பாதி தூரம் போனதும் பானட் இடுக்கில் ஆவி கிளம்பி, வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது வயிற்றில் இருந்த பிள்ளையும் இல்லை, சுமந்தவளும் இல்லை.

புஷ்பமேரி அழவில்லை. கல்லறையில் மண் போடும்போதுகூட அழவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "வண்டி ஏங்க நின்னுச்சு?" சோறு போடும்போது கேட்பாள், ஜெபமாலை சொல்லும்போது பாதியில் நிறுத்திக் கேட்பாள். கேட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்ப்பாள். கயிறு கட்டி இழுத்து வந்த வண்டி வேப்பமரத்தடியில் கிடந்தது. ஸ்தனிஸ்லாஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்காச்சும் பாத்துச் சொல்லுங்க. தெரியாம என்னால இருக்க முடியலைங்க."

அவன் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். மனதுக்குள் ஒரே வேண்டுதல்தான்: ஆண்டவரே, ரேடியேட்டர் பேனாக இருக்கட்டும். எஞ்சினைக் குளிர வைக்கும் அந்தப் பேனுக்குப் போகும் வயர் அறுந்து, நாலு மாதமாக டேப் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அதனால் நின்றிருந்தால் பழி அவனுடையது. சுமந்துகொள்ளலாம்.

டேப் சுற்றிய அந்த வயர் வழியாகவே பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்த்தான். பேன் விர்ரென்று சுற்றியது. பெல்ட்டைப் பார்த்தான், நன்றாக இருந்தது. தண்ணீர் நிரப்பிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றான். சூட்டு முள் பாதிக்கு வந்தது, முக்காலைத் தாண்டியது. ஹோஸ் சில்லென்றே இருந்தது. கொதிக்கிற தண்ணீர் எஞ்சினைவிட்டு வெளியே வரவில்லை. சூடேறியதும் திறந்து வழிவிட வேண்டிய வால்வு மூடியே கிடக்கிறது.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி வால்வை எடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதன் ஸ்பிரிங் தெரியாத அளவுக்கு வெள்ளையாக உப்பு இறுகியிருந்தது. அந்த உப்பை அவனுக்குத் தெரியும். அவன் வீட்டு வெந்நீர்ப் பானைக்குள்ளும் அதே உப்புதான் படிந்திருக்கிறது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நல்ல வால்வு வாய் திறக்கும். ஒருவேளை திறந்துவிட்டால்?

"மேரி, கொஞ்சம் தண்ணி கொதிக்க வெச்சுக் குடு."

அவள் தளதளவென்று கொதித்த தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் வால்வை உள்ளே போட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று, இன்னொரு நிமிஷமும் போயிற்று. வால்வு திறக்கவில்லை.

"என்னங்க இது? இதுதானா?"

"இதுல ஒண்ணுமில்ல" என்றான் ஸ்தனிஸ்லாஸ். "கொதிக்கிற தண்ணியிலகூட அசையாம கெடக்குது பாரு. அப்படித்தான் இருக்கணும். நல்ல சாமான்."

"வெள்ளையா ஒட்டிருக்குதே?"

"கம்பெனிலயே பூசி வுடுவாங்க. துருப்பிடிக்காம இருக்க."

பொய் சொல்ல வராதவனுக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ. போர் தண்ணீர் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டு நின்றவன் நான்தானே என்று சொல்லிப் பார்க்கலாம். அது அவள் காதில் ஏறாது. தன் கை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படி வாழ்வாள்?

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"பேன் வயரு. நாலு மாசமா அறுந்து கெடந்துச்சு. மாத்தாம வுட்டுட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள்.

"நீயா? எங் கைதான் என்னவோ பண்ணிப்புடுச்சுன்னு முப்பது நாளா செத்துக்கிட்டு இருந்தேனே... நீயாடா? எம் புள்ளய நீயாடா கொன்ன?"

"நான்தான்."

இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள். அடித்துக்கொண்டே, மகள் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவன் விலகவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் அவள் கம்பைநல்லூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு அவன் அவள் பின்னாலேயே நிறுத்தம் வரை போனான். பஸ் ஏறியபின் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவாள். அவன் சொல்லவில்லை. ஜன்னலில் தெரிந்த அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது, தன் கையைப் பற்றிய பயம் இல்லை. இது போதும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். நாலு எட்டுதான் வைத்தான். ரோட்டோரத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற சனம் பார்க்க, "மேரி, மேரி" என்று அழுதான்.